தரை டிக்கெட் போன பிறகு

மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இன்று பெரிய ஜவுளிக் கடை ஒன்று இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நம் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் அங்கே துணி எடுக்கிறோம். "இந்த இடத்துலதான் தங்கம் தியேட்டர் இருந்துச்சு" என்று கூட வரும் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அதைக் காதில் வாங்காமல் நகரும் படிக்கட்டில் ஏறிப் போய்விடுவார்கள். பெரியவர்கள் மட்டும் ஒரு நிமிடம் நின்று சுற்றிலும் பார்ப்பார்கள். திரை எந்தப் பக்கம் இருந்தது, தாங்கள் எங்கே உட்கார்ந்தோம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

1952 அக்டோபர் 17, தீபாவளி நாள். அன்றுதான் 'பராசக்தி' வெளியானது. மதுரையில் அந்தப் படத்தோடு தங்கம் திறக்கப்பட்டது. 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பேர் எடுத்தது. நம் ஒன்றியங்களில் பல ஊராட்சிகளின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு இராது. ஓர் ஊராட்சியே ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்ததற்குச் சமம் அது.

தலித் மக்களின் பிரச்சினைகளைப் பேசும் இந்தப் பத்தியில் சினிமா தியேட்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பஞ்சமி நிலம் இருக்கிறது, மயானப் பாதை இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டுப் பழைய தியேட்டர் கதையா என்று நினைக்கலாம். ஆனால் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் சாதி கேட்கப்படாமல் நுழைந்த முதல் கட்டடங்களில் ஒன்று தியேட்டர். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பது நம் வரலாறும்தான்.

கோயிலும் கொட்டகையும்

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். அதுவரை அந்தக் கோபுரத்தை நம் மக்கள் தூரத்தில் நின்றுதான் பார்த்தார்கள். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தங்கம் எழுந்தது.

அது நின்ற வீதிக்கும் ஒரு கதை உண்டு. மதுரையைச் சுற்றியிருந்த பழைய கோட்டைச் சுவரை 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து, அகழியைத் தூர்த்து, புதிய வீதிகள் போட்டார்கள். அந்த வேலையில் இருந்த மேஸ்திரியின் பெயரால்தான் பெருமாள் மேஸ்திரி வீதிகள் இன்றும் அழைக்கப்படுகின்றன. சுவர் இடிந்தால்தான் வீதி பிறக்கும் என்பதற்கு மதுரை நகரமே சாட்சி. அதே மதுரை மாவட்டத்தின் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம்வரை போராட வேண்டியிருந்தது.

தங்கம் திறப்பதற்கு முன்பே அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பெயரால் யாரையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுவோருக்குத் தண்டனை தரும் சட்டம் 1955இல் வந்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு அந்தப் பட்டியலைச் சும்மா எழுதவில்லை. கிணற்றில் தண்ணீர் எடுப்பது எவ்வளவு முக்கியமோ, நாலு பேரோடு சமமாக உட்கார்ந்து சிரிப்பதும் அவ்வளவு முக்கியம் என்பது அதில் இருக்கிறது.

சட்டம் சொன்னதைக் கிராமத்து டீக்கடை கேட்கவில்லை. இரட்டைக் குவளை அதன்பிறகும் எத்தனையோ காலம் தொங்கியது. ஆனால் நகரத்துத் தியேட்டர் கேட்டது. சட்டத்துக்குப் பயந்து கேட்டதாகச் சொல்ல முடியாது. 2,500 இருக்கையைத் தினமும் பல காட்சிகளுக்கு நிரப்ப வேண்டும். ஒவ்வொருவரிடமும் நீ எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டிருந்தால் முதல் போட்டவருக்குக் கட்டுப்படியாகாது. கவுண்டரின் சின்ன ஓட்டைக்குள் போகும் கையில் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஈழத்துத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சாதி வேறுபாடின்றித் தமிழர்கள் ஒரே கூரையின் கீழ் முதன்முதலில் கூடிய கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பதும், அங்கே உட்காரும் இடத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கொடுத்த காசு என்பதும் அவருடைய கருத்து. கல்லூரியில் சினிமாவைப் பற்றிப் படிக்கும் நம் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

கையில் இருந்த செருப்பு

நம் பெரியவர்கள் படம் பார்க்கப் போன கதையை எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறோம். கதை எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. துவைத்த வேட்டி, சட்டை. ஊர்த்தெருவைக் கடக்கும்வரை செருப்பு கையில் இருக்கும், துண்டு கக்கத்தில் இருக்கும். பஸ் ஏறும் இடம் வந்ததும் செருப்பு காலுக்கு வரும், துண்டு தோளுக்கு ஏறும். மதுரையில் இறங்கினால் யாருக்கும் இவரைத் தெரியாது.

அந்த 'யாருக்கும் தெரியாது' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிராமத்தில் நம் முகத்தைப் பார்த்ததுமே நாம் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். டூரிங் டாக்கீஸ் ஊருக்கே வந்தபோதுகூட, மணலைக் குவித்து உட்கார்ந்த இடத்திலும் யார் யார் பக்கத்தில் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. நகரத்துத் தியேட்டரில் விளக்கை அணைத்ததும் பக்கத்தில் இருப்பவர் யாரோ ஒருவர். அவர் சிரிக்கும்போது நாமும் சிரித்தோம். அவர் கண்ணைத் துடைத்தபோது நாமும் துடைத்தோம். இடைவேளையில் எல்லோருக்கும் கழுவிக் கொடுத்த அதே கண்ணாடி கிளாஸில் டீ குடித்தோம். ஊரில் கிடைக்காத கிளாஸ் அது.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கிய கை, அந்தக் காசில் தனக்கென்று செலவழித்த அபூர்வமான சில அணாக்கள் தியேட்டருக்குப் போனவைதான். பத்துப் பெண்கள் சேர்ந்து போய், பெண்கள் பக்கம் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் யாருக்கும் வேலை செய்யாமல் இருந்தார்கள்.

எழுத்தும் அங்கிருந்து வந்தது. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். பாட்டு வரிகளோடு பாதிக் கதையும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்டு, சீக்கிரமே மாடு மேய்க்க அனுப்பப்பட்ட பலர், அந்தப் புத்தகத்தையும் சுவரில் ஒட்டிய போஸ்டரையும் எழுத்துக் கூட்டிப் படித்தே வாசிப்பைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்பும்போது, ஊர் எல்லையில் செருப்பு மறுபடியும் கைக்குப் போனது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தியேட்டர் நமக்கு விடுதலை தரவில்லை. விடுதலை எப்படி இருக்கும் என்று மூன்று மணி நேரம் காட்டியது. அதைப் பார்த்தவர்களில் சிலர் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற மறுத்தார்கள்.

அந்தச் சமத்துவத்தின் குறை

பழசு எல்லாம் நல்லது என்று சொல்ல நாம் வரவில்லை. தியேட்டருக்குள்ளும் படி இருந்தது. தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று அடுக்கு வைத்திருந்தார்கள். நிலமில்லாதவர்கள் பெரும்பாலும் நம் மக்கள்தான் என்பதால், தரை டிக்கெட்டில் நாம் அதிகமாகவும் பால்கனியில் அரிதாகவும் இருந்தோம். சாதி வாசலில் கேட்கப்படவில்லை, ஆனால் பர்ஸுக்குள் ஒளிந்து உள்ளே வந்துவிட்டது.

வேலையிலும் அப்படித்தான். புதுப்படம் வந்தால் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, முன்னால் கொட்டு அடித்துக்கொண்டு நோட்டீஸ் போட்டுப் போவார்கள். கொட்டு அடித்தது நம்மவர்கள். ராத்திரியில் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டியவர்களிலும், காட்சி முடிந்ததும் கூட்டிப் பெருக்கிக் கழிவறை கழுவியவர்களிலும் நம்மவர்கள் நிறைய. சாவுக்குக் கட்டாயமாக அடித்த கையே சினிமாவுக்குக் கூலி வாங்கி அடித்தது என்பது ஒரு படி முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் கை தியேட்டரின் கல்லாப்பெட்டிப் பக்கம் போகவில்லை.

திரையிலும் நாம் இல்லை. 'பராசக்தி'யின் கல்யாணி மதுரைக்காரப் பெண். கோயில் பூசாரியின் அயோக்கியத்தனத்தை அந்தப் படம் வெளுத்து வாங்கியது. நம் மக்களும் கைதட்டிப் பார்த்தார்கள். ஆனால் சேரியில் பிறந்தவன் நாயகனாக வரும் படத்துக்கு நாம் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் சாதிப் பெயரையே தலைப்பில் தாங்கிய படங்கள் வந்தபோது, சாதி பார்க்காத அதே தியேட்டர் சாதிப் பெருமைக்கு விசில் அடிக்கும் இடமாகவும் ஆனது.

சினிமா நம் இளைஞர்களைக் கெடுத்தது, ரசிகர் மன்றத்தில் தொலைத்தது என்று இயக்கத்துப் பெரியவர்கள் கோபப்படுவார்கள். பெரியாருக்கும் சினிமா மேல் நல்ல எண்ணம் இருந்ததில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கூலிக் காசைக் கட்-அவுட்டில் ஊற்றிய பாலைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனாலும் தவறு அந்தக் கட்டடத்தின் மேல் இல்லை. ஒரே இடத்தில் கூடிய மக்களுக்கு எதைக் காட்டினார்கள் என்பதில்தான் தவறு.

எப்படிப் போனது

தங்கத்தின் திரை 1990களில் அணைந்தது. பல ஆண்டுகள் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பிறகு இடித்தார்கள். 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் கட்டிய சிந்தாமணி தியேட்டரும் இன்று இல்லை.

காரணங்கள் பல. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு வீடியோ டெக் வந்தது, கேபிள் வந்தது. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி நம் குடிசைக்குள்ளும் வந்தது. படத்தை வெளியிடும் முறையும் மாறியது. முன்பு சில பிரிண்டுகள்தான் போடுவார்கள். பெரிய நகரத்தில் நூறு நாள் ஓடி, பிறகு சின்ன ஊருக்கு வந்து, கடைசியில் டூரிங் டாக்கீஸுக்கு வரும். பெரிய தியேட்டர் நிரம்பியது அந்த முறையால்தான். இன்று எல்லா ஊரிலும் ஒரே நாளில் வெளியாகி, ஒரு வாரத்தில் காசு எடுத்துவிடுகிறார்கள். அதற்கு 2,500 இருக்கை தேவையில்லை. 200 இருக்கை கொண்ட நாலு திரை போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிலத்தின் விலை. நகரின் நடுவே அவ்வளவு பெரிய இடத்தில் படம் ஓட்டி வரும் வருமானத்தைவிட, கடை கட்டினால் வரும் வருமானம் அதிகம். முதலாளி கணக்குப் பார்த்தார். முன்பு நம்மை உள்ளே விட்டதும் இதே கணக்குத்தான். லாபக் கணக்கு திறந்துவிட்ட கதவை லாபக் கணக்கே மூடியது. சந்தை தந்த சமத்துவத்தை நம்பி உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். அது உரிமையாகக் கிடைத்தது அல்ல. டிக்கெட்டோடு கிடைத்தது, டிக்கெட்டோடு போனது.

இன்று மல்டிபிளெக்ஸில் ஒரு டிக்கெட்டுக்கு அரசு 2017இல் வைத்த உச்சவரம்பு 150 ரூபாய். வரி சேர்ந்தால் 190 ரூபாயை ஒட்டி வருகிறது. நாலு பேர் குடும்பத்துக்கு 760 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். இரண்டு நாள் கூலி முழுவதையும் கொடுத்தாலும் நாலு டிக்கெட் வராது. பஸ் காசும், உள்ளே விற்கும் பாப்கார்னும், இணையத்தில் முன்பதிவு செய்தால் அதற்கான கட்டணமும் தனி. வெளியே வாங்கிய முறுக்கைக்கூட உள்ளே விடமாட்டார்கள்.

காசு இருந்தாலும் கதவு திறக்கும் என்ற உறுதி இல்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில் கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்திய காட்சியை நாடே வீடியோவில் பார்த்தது. படத்தின் தணிக்கைச் சான்றும் குழந்தைகளின் வயதும்தான் காரணம் என்றும், பிறகு உள்ளே அனுமதித்துவிட்டோம் என்றும் நிர்வாகம் சொன்னது. அந்த வாசலில் எத்தனை குழந்தைகளின் வயதைக் கேட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? நரிக்குறவர் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் வந்ததும் அதே 2023இல்தான்.

நம் கதை வந்தபோது

நமக்கு வலிப்பது இன்னொன்று. 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'காலா', 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்', 'மாமன்னன்', 'வாழை' என்று 2012 முதல் நம் வாழ்க்கை திரைக்கு வந்துகொண்டிருக்கிறது. நம்மவர்களே எழுதி இயக்குகிறார்கள். சட்டக்கல்லூரிக்குப் போன கிராமத்து மாணவனின் அவமானத்தையும், பஸ் நிற்காத ஊரின் கோபத்தையும், வாழைத்தார் சுமந்த சிறுவனின் கழுத்து வலியையும் தமிழ்நாடே பார்த்தது. ஆனால் அந்த வாழைத்தாரை இன்றும் சுமப்பவர்களில் எத்தனை பேர் அதைத் தியேட்டரில் பார்த்தார்கள்? பெரும்பாலோர் செல்போனில், உள்ளங்கை அளவுத் திரையில், தனியாகப் பார்த்தார்கள்.

தரை டிக்கெட் இருந்தபோது திரையில் நாம் இல்லை. திரையில் நாம் வந்தபோது தரை டிக்கெட் இல்லை.

தனியாகப் பார்த்தால் என்ன, படம் அதே படம்தானே என்று கேட்கலாம். அப்படியில்லை. 'பரியேறும் பெருமாள்' போன்ற ஒரு படத்தை ஊர்த்தெருப் பையனும் சேரிப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதும், அவரவர் போனில் பார்ப்பதும் ஒன்றல்ல. அடுத்தவன் எந்த இடத்தில் தலை குனிகிறான் என்று பார்ப்பதற்கும், விளக்கு போட்டதும் அவன் முகத்தை நேரே சந்திப்பதற்கும் ஒரு பொது இடம் வேண்டும். ஜவுளிக் கடையும் எல்லோரும் போகும் இடம்தான். ஆனால் அங்கே யாரும் யாரோடும் மூன்று மணி நேரம் உட்காருவதில்லை.

நாம் கேட்பது

தங்கத்தை மறுபடி கட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. முதலாளியின் கணக்கை நம்பாத பொது அரங்கம் கேட்கிறோம். இது நடக்காத காரியம் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 1975இல் தொடங்கிய அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கைரளி, நிளா, ஸ்ரீ என்று சொந்தமாகத் தியேட்டர் நடத்துகிறது. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படிக்க முடிகிறது. நூலகத்துக்கு முடிந்தது அரங்கத்துக்கும் முடியும்.

பேரூராட்சி, நகராட்சி தோறும் ஒரு சிறிய அரங்கம் வேண்டும். பழைய புரொஜெக்டர் காலம் போல இன்று பெரிய செலவு இல்லை. ஒரு டிஜிட்டல் புரொஜெக்டரும் வெள்ளைத் திரையும் நல்ல ஒலிபெருக்கியும் போதும். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களிலிருந்தே தொடங்கலாம். ஒரு நிபந்தனை: அதை ஊருக்கும் சேரிக்கும் பொதுவான இடத்தில் வைக்க வேண்டும். காலனிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று கட்டினால் அது இரட்டைக் குவளையின் இன்னொரு வடிவமாகத்தான் இருக்கும்.

தனியார் தியேட்டர்களில் முன் வரிசைகளையாவது கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலைக்கு ஒதுக்க வேண்டும். உச்சவரம்பு வைக்கத் தெரிந்த அரசுக்கு இதையும் செய்யத் தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். முதன்முதலில் எந்தத் தியேட்டருக்குப் போனீர்கள், யாரோடு போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், இடைவேளையில் என்ன சாப்பிட்டீர்கள், செருப்பை எங்கே போட்டீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். கோயில் நுழைவுக்கு ஆவணம் இருக்கிறது. தியேட்டர் நுழைவுக்கு யாரும் ஆவணம் எழுதவில்லை. அது அவர்களுடைய நினைவில் மட்டும்தான் இருக்கிறது, அவர்களுக்கும் வயதாகிறது.

அடுத்த முறை அந்த ஜவுளிக் கடையில் பெரியவர்கள் ஒரு நிமிடம் நின்றால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எந்தப் பக்கம் திரை இருந்தது என்று கேளுங்கள்.